கார்டீலியாவுக்குச் சேர வேண்டிய கூலி

‘லியர் அரசன்’ நாடகத்தின் முடிவில் கார்டீலியா சாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கதை அதைக் கேட்கவில்லை. போர் முடிந்துவிட்டது. மூத்தவள் கானரில் தன் தங்கை ரீகனுக்கு விஷம் வைத்துவிட்டுத் தானும் குத்திக்கொண்டு சாகிறாள். சிறையில் கார்டீலியாவைத் தூக்கிலிட ரகசிய உத்தரவு கொடுத்திருந்த எட்மண்ட், சாகும் தறுவாயில் மனம் மாறி, உத்தரவை நிறுத்த ஆளனுப்பச் சொல்கிறான். ஆளும் ஓடுகிறான். போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. அதற்குமுன் மேடையில் நிற்பவர்கள் நடந்த கதைகளைச் சொல்லியும் கேட்டும் நேரத்தைப் போக்கிக்கொண்டிருக்கிறார்கள். அரசனும் மகளும் எங்கே என்ற நினைவு, கென்ட் வந்து கேட்ட பிறகுதான் ஆல்பனிக்கு வருகிறது. ஆக, கார்டீலியாவைக் கொல்வதில் விதிக்குப் பங்கில்லை. அவள் குணத்துக்கும் பங்கில்லை. மறதியும் தாமதமும் சேர்ந்து அவளைக் கொல்கின்றன.

துன்பியல் பற்றி வகுப்பறைகளில் சொல்லிக்கொடுக்கப்படும் எந்தச் சூத்திரமும் இந்தச் சாவுக்குப் பொருந்தாது. லியரின் வீழ்ச்சிக்கு அவனது அகந்தையைக் காரணம் காட்டலாம். க்ளாஸ்டரின் வீழ்ச்சிக்கு எதையும் நம்பிவிடும் அவனது சுபாவத்தைக் காட்டலாம். கார்டீலியாவுக்கு எதைக் காட்டுவது? முதல் காட்சியில் அவள் கொஞ்சம் பிடிவாதமாக நடந்துகொண்டாள் என்று சொல்லும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். பிடிவாதத்துக்குத் தூக்குக்கயிறா? எப்படியாவது ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துவிட வேண்டும் என்று தவிக்கிற மனம் எதைக் கண்டு பயப்படுகிறது? நல்லவர்களுக்கு ஒரு படைப்பின் முடிவு ஏதாவது கொடுத்தாக வேண்டுமா? கொடுத்தால் அது நல்லவர்களுக்குச் செய்யும் மரியாதையா? இந்தக் கேள்விகள் ஆங்கில நாடக மேடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டவை. விவாதம் முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இந்தச் சாவை ஷேக்ஸ்பியர் இரவல் வாங்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி எழுதிவைத்த பழங்கதையில், லியர் பிரான்ஸின் படை உதவியோடு நாட்டை மீட்டு, மறுபடி ஆண்டு, முதுமையில் இறக்கிறான். கார்டீலியா அவனுக்குப்பின் அரசியாகிறாள். பிற்காலத்தில் சகோதரிகளின் பிள்ளைகள் கலகம் செய்து அவளைச் சிறையிலடைக்க, அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். 1605-ல் அச்சான, யார் எழுதியதென்று தெரியாத பழைய ‘லியர்’ நாடகம் அந்தப் பின்கதையையும் விட்டுவிட்டு மீட்சியோடு நின்றுகொண்டது. ஷேக்ஸ்பியரின் நாடகம் 1606 டிசம்பர் 26 இரவு முதலாம் ஜேம்ஸின் அரசவையில் நடிக்கப்பட்டபோது, பழைய கதை தெரிந்தவர்கள் மகள் பிழைப்பாள் என்று எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் முன்னால் ஒரு கிழவன் தன் மகளின் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

இங்கே வகை என்ற விஷயம் குறுக்கிடுகிறது. இன்பியல், துன்பியல், சரித்திர நாடகம் என்ற பெயர்கள் பதிப்பாளர்கள் ஒட்டும் வெறும் சீட்டுகளல்ல. அவை பார்வையாளனுக்குக் கொடுக்கப்படும் வாக்கு. இன்பியல் என்றால் எவ்வளவு சிக்கலானாலும் கடைசியில் கல்யாணம் உண்டு. சரித்திர நாடகம் என்றால் யார் செத்தாலும் சிம்மாசனம் காலியாக இருக்காது. துன்பியல் என்றால் சாவு உண்டு, ஆனால் அந்தச் சாவுக்கு ஒரு முகாந்திரம் இருக்கும். லியர் 1608-ல் முதலில் அச்சானபோது அதன் தலைப்பு அதை மெய்யான சரித்திரம் என்று சொல்லிற்று. 1623-ன் பெரிய தொகுப்பில் அது துன்பியலாயிற்று. உள்ளே பார்த்தாலோ எலும்புக்கூடு இன்பியலுடையது. அறிவுகெட்ட தகப்பன், இரண்டு கெட்ட மகள்கள், ஒரு நல்ல இளைய மகள், மாறுவேஷம் போட்ட விசுவாசிகள், கோமாளி, வீட்டைத் துறந்து வெட்டவெளியில் அலைதல், பிரிந்தவர் கூடுதல் – எல்லாம் அங்கிருந்து வந்தவை. நாலாம் அங்கத்தின் முடிவில் தகப்பனும் மகளும் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கேயே திரை விழுந்திருக்கலாம். விழாமல் போவதுதான் லியர். எந்த வகையின் வாக்கையும் நிறைவேற்றாமல், எல்லா வகைகளின் வாக்கையும் நினைவூட்டியபடியே நாடகம் போகிறது.

இதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். 1678-ல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், படைப்பில் நல்லது பரிசு பெற வேண்டும், கெட்டது தண்டனை பெற வேண்டும் என்ற விதியை வற்புறுத்தி, அதற்குக் ‘கவி நீதி’ என்று பொருள்படும் பெயரும் வைத்தார். மூன்று வருஷம் கழித்து, 1681-ல், நாஹும் டேட் லியரைத் திருத்தி எழுதினார். கோமாளியை நீக்கினார். பிரான்ஸ் அரசனை நீக்கினார். எட்கருக்கும் கார்டீலியாவுக்கும் காதலை உண்டாக்கினார். சிறையில் கொலையாளிகள் வரும்போது கிழட்டு லியரே ஆயுதத்தைப் பறித்து இருவரை வீழ்த்துகிறான். எட்கரும் ஆல்பனியும் நேரத்துக்கு வந்து சேர்கிறார்கள். கார்டீலியா எட்கரை மணந்து அரசியாகிறாள். லியர், கென்ட், க்ளாஸ்டர் என்ற மூன்று கிழவர்களும் அமைதியாக ஓய்வு பெறுகிறார்கள். உண்மையும் நற்குணமும் இறுதியில் வெல்லும் என்ற தீர்ப்போடு திரை விழுகிறது.

டேட்டின் பிரதியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்தின் மேடையில் லியர் என்றால் இந்த முடிவுதான். காரிக் போன்ற மகாநடிகர்களும் இந்த முடிவைத்தான் நடித்தார்கள். மூன்றாம் ஜார்ஜ் அரசனின் சித்தம் கலங்கியிருந்த 1810 முதல் 1820 வரையில் லண்டன் மேடையில் லியரே இல்லை. பைத்தியக்கார அரசனை மேடையில் காட்டுவது அநாகரிகமாகப்பட்டது. 1823-ல் எட்மண்ட் கீன் கார்டீலியாவின் சாவை மேடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். சில இரவுகளுக்குமேல் நிற்கவில்லை. 1838-ல் மக்ரெடி கோமாளியையும் சேர்த்து மீட்டபோதுதான் டேட்டின் காலம் உண்மையில் முடிந்தது. அத்தனை தலைமுறைப் பார்வையாளர்களும் மட்டமான ரசனை உள்ளவர்கள் என்று தள்ளிவிடுவது விமர்சனமாகாது.

முக்கியமாக, டாக்டர் ஜான்சனைத் தள்ளிவிட முடியாது. 1765-ல் வெளிவந்த தன் ஷேக்ஸ்பியர் பதிப்பில் அவர் இந்த விஷயத்தை நேர்மையாக எதிர்கொள்கிறார். கெட்டவர்கள் வாழ்வதும் நல்லவர்கள் அழிவதும் உலக வழக்கம்தான், அதைக் காட்டுகிற நாடகம் நல்ல நாடகமாக இருக்கலாம் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் பகுத்தறிவுள்ள எல்லோருக்கும் இயல்பாகவே நீதியின்மேல் பிரியம் இருக்கும்போது, நீதியைக் கடைப்பிடிப்பதால் நாடகம் கெட்டுவிடும் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். பிறகு தன் அனுபவத்தைச் சாட்சியாக வைக்கிறார். கார்டீலியாவின் சாவு பல வருஷங்களுக்கு முன் தன்னை அப்படி அதிரவைத்ததால், பதிப்பாசிரியர் என்ற கடமை வந்து நிர்ப்பந்திக்கும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளைத் தான் மறுபடி படிக்கவேயில்லை என்கிறார்.

எனக்கு ஜான்சனின் இந்த வாக்குமூலம், டேட்டைக் கண்டித்தவர்களின் வாதங்களைவிடப் பெரியதாகப் படுகிறது. அடிஸன் 1711-லேயே கவி நீதி என்ற கொள்கையை நகைப்புக்கிடமானதென்று ஒதுக்கி, டேட்டின் திருத்தத்தால் லியர் தன் அழகில் பாதியை இழந்தது என்று சொல்லிவிட்டார். சரிதான். ஆனால் அழகு குறைந்தது என்று சொல்பவர் அந்தப் பிணத்தின் எதிரில் நின்றதாகத் தெரியவில்லை. ஜான்சன் நின்றிருக்கிறார், தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு கலைப் படைப்பின் முன் அப்படித் திரும்பிக்கொள்ள நேர்வது ரசனைக் குறைவல்ல. அந்தப் படைப்பு செய்ய நினைத்ததை அவர்மேல் முழுக்கச் செய்துவிட்டது என்றுதான் அர்த்தம். நிதானமாக உட்கார்ந்து அந்தக் காட்சியின் அழகை எடைபோட முடிகிறவர்களைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.

ஆக, ஜான்சனின் வலி நியாயமானது. அந்த வலிக்கு டேட் கண்ட மருந்து தவறானது என்பது என் கட்சி. ஏன் தவறு என்பதற்கு, வாழ்க்கை அப்படி இருப்பதில்லை என்ற வழக்கமான பதில் போதாது. வாழ்க்கையில் இல்லாத எத்தனையோ விஷயங்களைக் கலையில் நாம் மறுப்பில்லாமல் ஏற்கிறோம். காரணம் நாடகத்துக்குள்ளேயே, முதல் காட்சியிலேயே இருக்கிறது.

முதல் காட்சியில் லியர் என்ன செய்கிறான்? நிலப்படத்தை விரித்துவைத்துக்கொண்டு, மகள்களில் யார் தன்னை அதிகம் நேசிப்பது என்று சொல்லச் சொல்கிறான். அதிகம் சொல்பவளுக்கு அதிகம் நிலம். அன்புக்கு அளவு உண்டு, அளவுக்கு ஏற்ற கூலி உண்டு, கூலியைக் கொடுக்கும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்பது அவன் நம்பிக்கை. கானரிலும் ரீகனும் அந்த ஏலத்தில் கலந்துகொள்கிறார்கள். கார்டீலியா மறுக்கிறாள். அவள் மறுப்பது தகப்பனை நேசிப்பதையல்ல. நேசத்துக்கு விலை கூறுவதை. நாடகத்தின் மற்ற எல்லா அழிவுகளும் இந்த ஒரு காட்சியிலிருந்து கிளைக்கின்றன.

இப்போது டேட்டின் முடிவைப் பாருங்கள். கார்டீலியா நல்லவள், ஆகவே அவளுக்கு ஒரு கணவனும் ஒரு ராஜ்யமும். எட்கர் நல்லவன், அவனுக்குக் கார்டீலியா. நல்லதன் அளவைப் பார்த்து நிலத்தைப் பிரித்துக்கொடுக்கிறார் டேட். லியர் முதல் காட்சியில் செய்த அதே காரியத்தை, லியர் செய்து பைத்தியமாகி உணர்ந்து கைவிட்ட அதே காரியத்தை, நாடகாசிரியரே கடைசிக் காட்சியில் செய்கிறார். அன்று கூலியை மறுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறியவளின் கையில் அதே கூலியைத் திணிக்கிறார். கவி நீதி என்பது லியரின் ஏலத்தைக் கடவுளின் பெயரால் மறுபடி நடத்துவது. டேட்டின் காலத்தில் அதற்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. 1660-ல் இரண்டாம் சார்ல்ஸ் சிம்மாசனத்துக்குத் திரும்பியிருந்தான். 1681-ல் அவனுக்குப்பின் யார் என்று நாடு சண்டையிட்டுக்கொண்டிருந்தது. அரசன் மீட்கப்படுவதே நீதியின் வெற்றி என்று காட்டும் நாடகம் யாருக்குச் சௌகரியமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இது நான் வெளியிலிருந்து கொண்டுவந்து போடும் விளக்கமென்று ஒருவர் சொல்லலாம். ஷேக்ஸ்பியரே இதை மேடையில் சொல்லியிருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். கடைசிக் காட்சியில் ஆல்பனி எழுந்து நின்று, இனி நண்பர்கள் எல்லோரும் தங்கள் நற்குணத்துக்கான கூலியை ருசிப்பார்கள், பகைவர்கள் தங்களுக்குத் தகுந்த கோப்பையைக் குடிப்பார்கள் என்று அறிவிக்கிறான். கூலி என்ற சொல்லையே உபயோகிக்கிறான். அறிவிப்பு முடியும் அந்தக் கணத்தில் லியரிடமிருந்து ஏதோ ஒன்று அவனை அதிரவைக்க, பாருங்கள் பாருங்கள் என்று பதறுகிறான். லியர் பிணத்தின்மேல் குனிந்து, ஒரு நாய்க்கும் எலிக்கும் உயிர் இருக்கும்போது உனக்கு ஏன் மூச்சில்லை என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். டேட்டின் முடிவை ஷேக்ஸ்பியர் எழுபத்தைந்து வருஷம் முன்னதாகவே யோசித்து, ஆல்பனியின் வாயில் வைத்து, அந்த இடத்திலேயே அதை நிறுத்திவிட்டார்.

நாடகம் முழுவதிலும் கூலிக்குச் செய்யப்படும் காரியங்கள் எவை என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. கார்டீலியாவைத் தூக்கிலிடப் போகும் படைத்தலைவனுக்கு எட்மண்ட் பதவி உயர்வைக் காட்டுகிறான். அவனும், தன்னால் வண்டி இழுக்கவோ காய்ந்த ஓட்ஸ் தின்னவோ முடியாது, மனுஷன் செய்யக்கூடிய வேலையென்றால் செய்கிறேன் என்று போகிறான். கண் பிடுங்கப்பட்டுத் தடவிக்கொண்டு போகும் க்ளாஸ்டரைப் பார்த்ததும் கானரிலின் காரியஸ்தன் ஆஸ்வால்டுக்குத் தோன்றுவது, அந்தத் தலைக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் பரிசு. கூலி இங்கே கொலையோடு சேர்ந்தே வருகிறது. கருணையோடு அது ஒருமுறைகூட வருவதில்லை.

கருணை வரும் இடங்களில் கணக்கே அழிந்துபோகிறது. நாலாம் அங்கத்தில் லியர் கண்விழித்துக் கார்டீலியாவை அடையாளம் கண்டுகொள்கிறான். உன் சகோதரிகள் காரணமில்லாமல் எனக்குத் தீங்கு செய்தார்கள், உனக்கோ காரணம் இருக்கிறது என்கிறான். அப்படி ஒரு காரணமும் இல்லை என்கிறாள் அவள். அது பொய். நாடு கடத்தப்பட்டவள், சபிக்கப்பட்டவள், சீதனம் மறுக்கப்பட்டவள். காரணம் நிறைய இருக்கிறது. மன்னித்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் மன்னிப்பில்கூடக் கடன் இருந்தது என்ற ஒப்புதல் இருக்கிறது. மன்னிக்கிறவன் கொஞ்சம் உயரத்தில் நிற்கிறான். அவள் அந்த உயரத்தையும் எடுத்துக்கொள்ளாமல் கணக்குப் புத்தகத்தையே கிழித்துப்போடுகிறாள். நாடகத்தின் முதல் காட்சியில் உண்மையைத் தவிர வேறெதையும் பேச மறுத்தவள் சொல்லும் ஒரே பொய் இதுதான். இவளுக்கு ஒரு ராஜ்யத்தைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்வது, இவள் சொன்னதைக் காதில் வாங்காத ஒருவன் செய்யக்கூடிய காரியம்.

கவி நீதியில் இதைவிட மோசமான ஒரு அம்சமும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவனைக் காப்பாற்ற முடியாதபோது அது அவனை அவதூறு செய்ய ஆரம்பித்துவிடும். கடைசிக் காட்சியில் எட்கர், தேவர்கள் நீதிமான்கள் என்கிறான். முறைதவறி எட்மண்டைப் பெற்ற இருட்டுக்கு விலையாகத் தங்கள் தகப்பன் கண்களைக் கொடுத்தான் என்று விளக்குகிறான். எட்கர் நல்லவன், தகப்பனைக் கைப்பிடித்து நடத்தியவன். ஆனாலும் அவன் சொல்வது நடந்த விஷயமல்ல. க்ளாஸ்டரின் கண்கள் பிடுங்கப்பட்டது, புயலில் துரத்தப்பட்ட கிழவனுக்கு இடம் கொடுத்து, அவனைத் தப்பவைத்து டோவருக்கு அனுப்பியதற்காக. அவன் வாழ்க்கையிலேயே செய்த சிறந்த காரியத்துக்காக. உலகம் நீதியானதென்று நிரூபிக்க வேண்டிய கட்டாயத்தில், மகன் தகப்பனின் நற்செயலை மறைத்துப் பழைய பாவத்தை எடுத்துக் காட்டுகிறான். கார்டீலியாவின் பிடிவாதத்தைக் கண்டுபிடிக்கும் விமர்சகர்களும் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அடிபட்டவனைப் பார்த்ததும் அவன் என்ன செய்தானோ என்று கேட்கும் குணம் எங்கிருந்து வருகிறதென்பதை இந்த ஒரு பேச்சில் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டில் டேட்டுக்கு நேர் எதிரான திருத்தம் ஒன்று நடந்தது. 1962-ல் பீட்டர் ப்ரூக், பால் ஸ்கோஃபீல்டை லியராக வைத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் நாடகத்தைத் தயாரித்தார். போலந்து விமர்சகர் யான் காட், லியரைப் பெக்கெட்டின் ‘எண்ட்கேமு’க்குப் பக்கத்தில் வைத்துப் படித்தது அந்தத் தயாரிப்பின் பின்னணியில் இருந்தது. ப்ரூக் ஒரு சிறு பகுதியை நீக்கினார். கண் பிடுங்கப்பட்ட க்ளாஸ்டருக்கு இரண்டு வேலைக்காரர்கள் இரக்கப்பட்டு, ரத்தம் வடியும் முகத்தில் வைக்க சணல்நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டுவரப் போகும் பகுதி அது. ப்ரூக்கின் மேடையில் வேலைக்காரர்கள் அந்தக் குருடனை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எட்மண்டின் கடைசி நேர மனமாற்றமும் நீக்கப்பட்டது.

இந்தத் தயாரிப்பின் வலிமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; அதை நான் மறுக்கவில்லை. 1608 பிரதியில் இருக்கும் அந்த வேலைக்காரர்கள் பேச்சு 1623 தொகுப்பில் இல்லை என்பதும் உண்மை. இரண்டும் வெவ்வேறு நாடகங்கள் என்றே கருதி 1986-ன் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு இரண்டையும் தனித்தனியாக அச்சிட்டது. ஆனாலும் தார்மீக ரீதியில் ப்ரூக்கின் வெட்டு டேட்டின் திருத்தத்துக்கு உடன்பிறப்பு என்று எனக்குப் படுகிறது. உலகம் முழுக்க நியாயமானதாக இருக்க வேண்டும் என்பது ஒருவருடைய பிடிவாதம். முழுக்கக் கொடூரமானதாக இருக்க வேண்டும் என்பது மற்றவருடையது. இருவருக்கும் வேண்டியது உலகம் ஒரே சீராக இருப்பது. முட்டை வெள்ளைக்கரு அந்தச் சீரைக் கெடுக்கிறது. அதனால் எதுவும் மாறப்போவதில்லை. க்ளாஸ்டருக்குக் கண் திரும்பாது. செய்கிறவர்களுக்குப் பெயர்கூட இல்லை. இருந்தும் அதைச் செய்கிறார்கள். முடிவின் கொடூரத்தை நாம் உணர்வதே, அழிவதற்கு இப்படி ஏதோ ஒன்று உலகத்தில் இருந்தது என்பதால்தான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இறுக்கமான ஒரு சூன்யம். அதன்முன் ஜான்சனுக்கு முகத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே நேர்ந்திருக்காது.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும். வர வேண்டும். கூலியை எதிர்பாராதே என்பது காலங்காலமாக எஜமானன் வேலைக்காரனுக்குச் சொல்லிவரும் உபதேசம்தானே? பலன் இல்லாத நற்குணத்தைக் கொண்டாடும் கலை, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளத்தானே பழக்கும்? 1971-ல் எட்வர்ட் பாண்ட் தன் சொந்த ‘லியரை’ எழுதியபோது அவரை உறுத்தியதும் இதுபோன்ற ஒன்றுதான். அவருடைய குருட்டு லியர் கடைசியில், தான் கட்டிய சுவரைத் தானே மண்வெட்டியால் இடிக்க முயன்று சுடப்பட்டுச் சாகிறான். துக்கம் போதாது, செயல் வேண்டும் என்கிறார் பாண்ட்.

இந்த ஆட்சேபணையை நான் மதிக்கிறேன். ஆனால் ஷேக்ஸ்பியரின் நாடகம் சகித்துக்கொள்ளச் சொல்கிறதா? க்ளாஸ்டரின் ஒரு கண்ணைக் கார்ன்வால் பிடுங்கியதும், அவனுடைய சொந்த வேலைக்காரன் ஒருவன் நிறுத்தச் சொல்லிக் குறுக்கே விழுகிறான். சிறுவயதிலிருந்து உங்களுக்கு ஊழியம் செய்திருக்கிறேன், இப்போது நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய ஊழியம் செய்ததில்லை என்கிறான். வாளை உருவிப் பிரபுவைக் குத்துகிறான். ரீகன் பின்னாலிருந்து குத்த அவன் சாகிறான். அந்தக் காயத்தால் கார்ன்வாலும் சாகிறான். கெட்டவர்கள் பக்கத்தில் விழும் முதல் பெரிய தலை அது. வீழ்த்தியவன் ஒரு பெயரில்லாத வேலைக்காரன். இந்தப் பகுதி இரண்டு பிரதிகளிலும் இருக்கிறது. அவனைச் சகித்துக்கொண்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. கூலி எதிர்பார்த்தான் என்றும் சொல்ல முடியாது.

அதேபோல், புயலில் நிற்கும் லியர், கூரையில்லாத ஏழைகளைப் பற்றித் தான் இத்தனை காலம் கவலைப்படவில்லையே என்று நொந்து, மிஞ்சியிருப்பதை அவர்களுக்கு உதறிக்கொடுத்து வானத்தை இன்னும் நீதியுள்ளதாகக் காட்டு என்று ஆடம்பரத்தைப் பார்த்துச் சொல்கிறான். கண்ணிழந்த க்ளாஸ்டரும் பைத்தியக்காரனாக வேஷம் போட்ட மகனிடம் பணப்பையைக் கொடுத்து, பங்கீடு மிகையை அழிக்க வேண்டும், அப்போது ஒவ்வொருவனுக்கும் போதுமானது கிடைக்கும் என்கிறான். இவற்றில் நீதி இருக்கிறது. அது மேலிருந்து வருவதில்லை. மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ய வேண்டிய பாக்கியாக இருக்கிறது. உழைத்தவனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாக வேண்டும். இது பாக்கி. இதை அடைக்காமல் வைத்துக்கொண்டு, நாடகத்தின் முடிவில் நீதி கிடைத்துவிட்டதென்று கைதட்டிவிட்டுப் போவதுதான் சகித்துக்கொள்ளும் மனோபாவம். டேட்டின் பார்வையாளன் லேசான மனத்தோடு வீட்டுக்குப் போக முடியும். உலகத்தின் கணக்கை மேடை நேர்செய்துவிட்டது. லியரின் பார்வையாளனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

டால்ஸ்டாய் ஒருவர்தான் இந்த விஷயத்தில் எனக்கு இன்னமும் நெருடலாக இருப்பவர். 1906-ல் வெளிவந்த கட்டுரையில் அவர் ஷேக்ஸ்பியரை முழுக்க நிராகரித்து, பழைய ‘லியர்’ நாடகமே எல்லா விதத்திலும் மேல் என்றார். அதன் மகிழ்ச்சியான முடிவு பார்வையாளனின் தார்மீகத் தேவைக்கு இசைந்தது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இவ்வளவு பெரிய கலைஞனுக்கு இது ஏன் தோன்றிற்று? ஜார்ஜ் ஆர்வெல் 1947-ல் எழுதிய கட்டுரையில் கூர்மையான பதிலைத் தந்தார். டால்ஸ்டாயே சொத்தையும் பட்டத்தையும் துறக்க முயன்ற ஒரு லியர். 1910-ல், எண்பத்திரண்டு வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, அஸ்டபோவோ ரயில் நிலையத்தில் அவர் இறந்தது அந்த நாடகத்தின் நிழல் போலவே இருக்கிறது. துறந்தால் சந்தோஷம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே, பிறருக்காக வாழ்வதானால் பிறருக்காகவே வாழ வேண்டும், அதைத் தனக்கு லாபம் தேடும் சுற்றுவழியாக்கக் கூடாது என்பதை ஆர்வெல் லியரின் சாரமாக எடுக்கிறார். துறவிலேயே கூலி எதிர்பார்த்த ஒருவருக்கு அந்த நாடகம் சொந்த வாழ்க்கையின்மேல் விழுந்த அடியாக இருந்திருக்கலாம். இதற்காக டால்ஸ்டாயைச் சிறியவராக்க நான் தயாராக இல்லை. பழைய நாடகத்தில் அவர் விரும்பியது மகள் பிழைப்பதைத்தானே. அதை விரும்பாதவன் யார்?

ஷேக்ஸ்பியரும் அதை விரும்பாதவரல்ல. கடைசியில் லியர், கார்டீலியாவின் உதட்டருகே ஒரு இறகைப் பிடித்துப் பார்க்கிறான். அது அசைவதுபோல் அவனுக்குத் தெரிகிறது. இவள் பிழைத்திருந்தால் நான் பட்ட எல்லாத் துயரங்களும் அதில் மீட்கப்பட்டுவிடும் என்கிறான். 1623 தொகுப்பில், சாகும் கணத்தில், அவள் உதடுகளைப் பார்க்கச் சொல்லி ஏதோ ஒன்றை எல்லோருக்கும் காட்டுகிறான். 1608 பிரதியில் அந்த வார்த்தைகள் இல்லை. அவள் உயிரோடிருக்கிறாள் என்ற நம்பிக்கையில், தாங்க முடியாத சந்தோஷத்தில் அவன் இறக்கிறான் என்று 1904-ல் ப்ராட்லி வாதித்தார். உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். மகள் பிழைக்க வேண்டும் என்ற ஆசையை நாடகம் பரிகசிக்கவில்லை. அந்த ஆசையைத் தன் கடைசி மூச்சாக வைத்திருக்கிறது. டேட் எழுதிய முடிவு, ஜான்சன் வேண்டிய முடிவு, டால்ஸ்டாய் விரும்பிய முடிவு எல்லாம் அந்த இறகின் அசைவில் இருக்கின்றன.

வித்தியாசம் இதுதான். டேட் அதை நிறைவேற்றி, கார்டீலியாவின் நற்குணத்துக்குக் கிடைத்த விலையாக்கிவிட்டார். இங்கே அது நிறைவேறாமல், ஒருவனுடைய வேண்டுதலாக மட்டும் நிற்கிறது. முதல் காட்சியில் மகளிடமிருந்து ஒரு பேச்சை, தன் முதுமைக்கு ஒரு பத்திரத்தை எதிர்பார்த்த கிழவன், இப்போது அவளிடமிருந்து எதையும் கேட்கவில்லை. அவள் மூச்சுவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாகக் கொடுக்க அவனிடம் நிலமும் இல்லை, கிரீடமும் இல்லை. நேசிப்பது என்றால் என்னவென்று அவன் தெரிந்துகொண்டதும், நேசிக்க ஆளில்லாமல் போனதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஜான்சன் பல வருஷங்கள் திறக்காமல் வைத்திருந்த பக்கங்கள் இவை. கடைசியில் திறந்தபோதும் அவர் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அப்படியே பதிப்பித்தார்.